ஆம்பளைன்னா இப்படித்தான் இருக்கணுமா? மலையகத்து ஆண்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, போகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இளைஞர்களோடும் பெற்றோரோடும் பேசும்போது திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். சில கோபத்தோடு கேட்கப்பட்டவை. சில, கூட்டம் கலைந்த பிறகு ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்கப்பட்டவை. கேட்டவர்களின் பேச்சையே கேள்வியாக விட்டிருக்கிறேன். சட்டம் பற்றிச் சொல்வது பொதுவான விளக்கம்தான். வழக்கு என்று வந்தால் சட்டத்தரணி ஒருவரைப் பாருங்கள்.

ஆம்பளைங்களுக்கு என்ன குறை? அதிகாரம் எல்லாம் அவங்க கையிலதானே இருக்கு?

இருக்கிறது, மறுக்க முடியாது. தோட்டத்துத் தலைவர், கங்காணி, கணக்கப்பிள்ளை, கோயில் கமிட்டி, மரண உதவிச் சங்கம் என்று எங்கே பார்த்தாலும் ஆண்கள்தான். மலையில் கொழுந்தெடுக்கிறவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். பின்னால் நின்று மேற்பார்வை பார்ப்பவர் ஆண். மனைவியின் சம்பளத்தைப் புருஷன் போய் வாங்குவது வழக்கமாக இருந்த காலத்தை நம் அம்மாக்கள் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் அந்த அதிகாரம் எதுவரை போகிறது என்று பாருங்கள். கோப்பிக் காலத்திலிருந்து இந்த மக்களுக்கு நிலம் சொந்தமில்லை, இருக்கிற லயம் (வரிசை வீடு) சொந்தமில்லை. 1948 இல் குடியுரிமையும் போனது. 1964 இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு இத்தனை பேர் இந்தியாவுக்கு, இத்தனை பேர் இங்கே என்று பிரித்தார்கள். பிரிக்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. பிரட்டுக்களத்தில் (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில்) தோட்டத்துரையிடம் ஏச்சு வாங்கி, வாய் திறக்காமல் நின்ற ஒருவனுக்கு மிச்சமிருந்த ஒரே பதவி, 10 அடிக்கு 12 அடி காம்பராவுக்குள் 'வீட்டு ஆம்பள' என்பதுதான். வேறு எந்த மரியாதையும் கிடைக்காதவன் அந்த ஒன்றை விடாமல் பிடித்துக்கொள்கிறான். அது போய்விடும் என்று பயந்தால் கை ஓங்குகிறான், குடிக்கிறான், இல்லையென்றால் பேச்சையே நிறுத்திவிடுகிறான். கை ஓங்குவதை நான் நியாயப்படுத்தவில்லை. அந்தப் பதவிக்கு அவன் என்ன விலை கொடுக்கிறான் என்பதையும் சேர்த்துப் பார்க்காமல் இந்தப் பேச்சைத் தொடங்க முடியாது.

அப்படி என்னதான் எதிர்பார்க்கிறாங்க ஒரு ஆம்பளைகிட்ட?

முதலில் காசு. தீபாவளிக்கு முந்தின வாரம் கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு வரும் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். பத்தொன்பது, இருபது வயதுப் பையன்கள் மடியில் ஜவுளிக்கடைப் பைகளை வைத்துக்கொண்டு நின்றபடி வருவார்கள். அம்மாவுக்குச் சேலை, தங்கச்சிக்குச் சுடிதார், அப்பாவுக்குச் சாரம், தம்பிக்கு ஃபோன். அந்தப் பைகளுக்காகக் கடை முதலாளியிடம் இரண்டு மாதச் சம்பளத்தை முன்கூட்டியே வாங்கியிருப்பான். வாங்க முடியாதவன் தீபாவளிக்கு ஊருக்கே வரமாட்டான். "லீவு கிடைக்கல" என்று ஃபோனில் சொல்லிவிட்டுக் கடை மாடியில் படுத்துக்கிடப்பான். வெறுங்கையோடு வருகிற மகளை வீட்டில் சேர்த்துக்கொள்வார்கள். மகன் வெறுங்கையோடு வந்தால், யாரும் எதுவும் சொல்லாவிட்டாலும், லயத்து வாசலில் நாலு பேர் பார்க்கிற பார்வை போதும்.

அடுத்தது உடம்பு. கவ்வாத்து வெட்டுவது (தேயிலைச் செடியைக் கத்தரிப்பது), மருந்தடிப்பது, ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) இரவு வேலை எல்லாம் ஆண்களுக்கு. மருந்துத் தொட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு காற்றுக்கு எதிரே அடிக்கிறவன் முகத்தில் ஒரு துண்டைக் கூடக் கட்டியிருக்க மாட்டான். கேட்டால் "நமக்கு இதெல்லாம் பழகிப் போச்சு" என்பான். கையுறையும் முகமூடியும் கொடுக்காதது நிர்வாகத்தின் குற்றம். கொடுத்தாலும் போட வெட்கப்படுவதற்கு வேறு காரணம் இருக்கிறது: பயந்தவன் என்று பக்கத்து நிரையில் நிற்கிறவன் சிரிப்பான்.

மூன்றாவதாக ஒன்று, எதையும் வெளியே சொல்லாமலிருப்பது. அதற்குத் தனிக் கேள்வியே வந்திருக்கிறது.

ஆம்பள அழுதா என்ன கெட்டுப் போகும்? எங்க தாத்தா காலத்துலயும் இப்படித்தானா?

மாசி மாதத்தில் காமன் கூத்து ஆடுகிற தோட்டங்களில் பிறந்தவர்களுக்கு நான் சொல்வது தெரியும். சிவன் நெற்றிக்கண் திறந்து காமன் எரிந்த பிறகு ரதி புலம்புவாள். ரதி வேஷம் கட்டுவது ஆண். சேலையும் அரிதாரமுமாக, தப்புச் சத்தத்துக்கு நடுவே, புருஷனைப் பறிகொடுத்தவளாக அவன் தலையில் அடித்துக்கொண்டு அழும்போது சுற்றி நிற்கிற ஆண்கள் குளிருக்குப் போர்த்திய துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அந்த ராத்திரி அவனை யாரும் கேலி செய்வதில்லை. நன்றாக அழுதான் என்று மறுநாள் புகழ்வார்கள்.

அதே ஆள் தன் அம்மாவைக் குழிக்குள் வைத்துவிட்டு வரும்போது கண் கலங்கினால், பெரியப்பா வந்து தோளைப் பிடித்து அமுக்குவார்: "நீ ஆம்பளப் புள்ள. நீ ஒடஞ்சா தங்கச்சிக்கு யாரு?" அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் அன்றைக்கு விழுங்கிய அழுகை எங்கேயும் போய்விடுவதில்லை. சில வருடங்கள் கழித்து நெஞ்சடைப்பு, தூக்கமில்லை, தீராத தலைவலி என்று கிளினிக் வரிசையில் நிற்பார். மருத்துவர் மனம் எப்படி இருக்கிறது என்று கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்ல டொக்டர்" என்பார். ஆண்களின் மனச்சோர்வு பல நேரம் கோபமாகவும் குடியாகவும் உடம்பு வலியாகவும்தான் வெளியே தெரியும். அதனாலேயே யாரும் கண்டுபிடிப்பதில்லை.

ஆக, அழத் தெரியாத சமூகம் இல்லை இது. ஆண் அழுவதற்கு ஒரு சேலை தேவைப்படுகிறது, அவ்வளவுதான்.

பொம்பளப் புள்ளைங்க நல்லாப் படிக்குது. பயலுக ஏன் சாதாரண தரப் பரீட்சையோட நின்னுடுறானுக?

இலங்கை முழுவதும் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகிறவர்களில் இப்போது பெண்களே அதிகம், பாதிக்கும் மேல். மலையகத்தில் பெண்பிள்ளை ஆசிரியையாக வருவாள் என்ற நம்பிக்கை வீட்டுக்கு வீடு வந்திருக்கிறது. மிக நல்ல விஷயம். பையனைப் பொறுத்தவரை வீட்டில் ஒரு அவசரம் இருக்கிறது. அப்பாவுக்கு முடியவில்லை, அடகு வைத்த நகை இருக்கிறது, பையன்தானே சம்பாதிக்கணும். பதினாறு வயதில் மாமா ஒருவர் வந்து புறக்கோட்டைக் கடைக்கோ வெள்ளவத்தை ஹோட்டலுக்கோ கூட்டிப் போய்விடுவார். "படிப்பு ஏறல" என்று எல்லோரும் சொல்லி முடித்துவிடுவார்கள். ஏறாத படிப்பை ஏற்றுவதற்கு ஒரு வருடம் பொறுத்துப் பார்த்தார்களா என்றால், பெரும்பாலும் இல்லை.

இதில் இன்னொரு கொடுமையும் நடந்திருக்கிறது. போர்க்காலத்தில், 1979 இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், கொழும்பில் கடைகளிலும் லொட்ஜுகளிலும் வேலை செய்த மலையகப் பையன்கள் சுற்றிவளைப்புகளில் பிடிபட்டார்கள். தமிழன், இளைஞன், ஆண்: சந்தேகத்துக்கு இந்த மூன்றும் போதுமாக இருந்தன. பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவவில் 2000 ஒக்டோபர் 25 ஆம் திகதி புனர்வாழ்வு முகாமுக்குள் கும்பல் புகுந்து தடுத்து வைக்கப்பட்டிருந்த இருபதுக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களைக் கொன்றது. இளவயது ஆண் என்றாலே ஆபத்தானவன் என்று பார்க்கும் பார்வை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மலைநாட்டிலேயே சாட்சி இருக்கிறது. ஆண், பெண் பால் பற்றிப் பேசும்போது இதை யாரும் எடுப்பதில்லை. எடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

குடிக்கிறது ஆம்பளைங்க சுபாவம்தானே?

சுபாவம் என்றால் பழக்கிவிட வேண்டியதே இருக்காதே. முதல் சம்பளம் வாங்கிய பையனைத் தவறணைக்கு, அதாவது குடிக்கடைக்கு, கூட்டிப் போவது யார்? கல்யாண வீட்டில் "ஒரு கிளாஸ் எடுடா, ஆம்பளதானே" என்று கையில் திணிப்பது யார்? குடிக்காதவன் ஒருவன் இருந்தால் பொண்டாட்டிக்குப் பயந்தவன் என்று பேர் வைக்கிறார்கள்.

நாட்டுச் சட்டமும் இப்படித்தான் நினைக்கிறது. பெண்களுக்கு மதுபானம் விற்கக் கூடாது என்று 1979 இல் ஒரு வர்த்தமானி அறிவித்தல் வந்தது. 2018 ஜனவரியில் அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பழையபடி ஆக்கிவிட்டார். பெண்ணைப் பற்றிய தீர்ப்பு அதில் இருப்பதைப் பலர் பேசினார்கள். ஆணைப் பற்றிய தீர்ப்பும் அதற்குள் இருக்கிறது: இது உனக்குரியது, நீ குடிக்கலாம், உன் உடம்பைப் பற்றி எங்களுக்குக் கவலையில்லை.

கவ்வாத்துக்கும் புல்லுவெட்டுக்கும் போகிற ஆண்கள் கொடுத்த அளவை முடித்துவிட்டு மதியம் ஒன்று, இரண்டு மணிக்கே திரும்பிவிடுகிறார்கள். கொழுந்துக்குப் போன மனைவி வர ஐந்து மணியாகும். இடைப்பட்ட நேரத்தில் ஒரு ஆண் போய் உட்கார தோட்டத்தில் என்ன இடம் இருக்கிறது? சமைத்தால் சிரிப்பார்கள். வாசிகசாலை பூட்டிக் கிடக்கும். திறந்திருப்பது தவறணை, அதற்கும் காசில்லை என்றால் கசிப்பு (கள்ளச்சாராயம்) விற்கிற வீடு.

ஆம்பளைங்கதான் அதிகமா உயிரை மாய்ச்சுக்கிறாங்கன்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மை. இலங்கையில் தற்கொலையால் இறக்கிறவர்களில் ஆண்கள் பெண்களைப் போல மூன்று மடங்குக்கும் மேல். 1990களின் நடுவில் உலகிலேயே மிக உயர்ந்த தற்கொலை விகிதம் இருந்த நாடுகளில் இலங்கை ஒன்று. அதிக நச்சுள்ள பூச்சிநாசினிகளை அரசு ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகு அது வெகுவாகக் குறைந்தது. ஒரு கஷ்டமான இரவைக் கடந்துவிட்டால் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள் என்பதை அது காட்டியது. தற்கொலைக்கு முயல்வது 1998 முதல் இங்கே குற்றமில்லை. பொலிஸ் பிடிக்கும் என்று பயந்து வைத்தியசாலைக்குப் போகாமல் இருக்க வேண்டாம்.

உங்களுக்கோ உங்கள் நண்பனுக்கோ அப்படியொரு எண்ணம் வந்தால் 1926 க்கு எடுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். 1333 உம் இருக்கிறது. "வாழப் பிடிக்கல" என்று ஒருவன் குடித்துவிட்டுச் சொன்னாலும் அது குடித்த பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். குடிக்காமல் அதைச் சொல்ல அவனை யாரும் விட்டதில்லை.

பொண்டாட்டி வெளிநாட்டுல. நான் புள்ளைங்கள பாத்துக்கிறேன். ஊர்ல பேசுறாங்க. நான் என்ன பண்ண?

இதைக் கேட்டவர் போகவந்தலாவைப் பக்கத்துத் தகப்பன் ஒருவர். காலையில் கைக்குழந்தையைத் தோளில் போட்டு, பால்போத்தல், மாற்றுத்துணிப் பையோடு பிள்ளைக்காம்பராவுக்கு (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்துக்கு) போவார். போகிற வழியில் பிரட்டுக்களத்தில் நிற்கிறவர்கள், "என்னப்பா, நீயே பால் குடுக்கிறியா?" என்பார்கள். மகளுக்குத் தலை வாரிச் சடை பின்னத் தெரியாமல் முதலில் பக்கத்துக் காம்பரா அக்காவிடம் அனுப்பிக்கொண்டிருந்தார். பிறகு அந்த அக்காவிடமே கற்றுக்கொண்டார். இப்போது இரட்டைச் சடை பின்னி ரிப்பன் கட்டி அனுப்புகிறார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் மறக்கவில்லை.

அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். நீங்கள் செய்வது தகப்பன் வேலை, அம்மா வேலையைக் கடன் வாங்கிச் செய்யவில்லை. பேசுகிறவர்கள் பேசட்டும்.

அரசாங்கமும் இந்தப் பேச்சுக்குத் துணை போயிருக்கிறது. வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போகிற பெண்களிடம் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்கும் முறை 2013 இல் வந்தது. சின்னப் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்று தாயிடம் கேட்டார்கள். கட்டாருக்குக் கட்டட வேலைக்குப் போகிற தகப்பனிடம் அந்தக் கேள்வியே இல்லை. அது தாயின் உரிமையைத் தடுத்தது என்பது ஒரு பக்கம். தகப்பன் ஊரில் இருந்தாலும் போனாலும் பிள்ளைக்கு ஒன்றுதான் என்று அரசே எழுதி வைத்தது மறுபக்கம்.

பிரசவ விடுமுறையைப் பாருங்கள். 2018 திருத்தத்துக்குப் பிறகு தாய்க்கு எத்தனையாவது பிள்ளை என்றாலும் 84 நாள். அரச ஊழியரான தகப்பனுக்கு மூன்று நாள். தோட்டக் கம்பெனியில் வேலை செய்கிற தகப்பனுக்குச் சட்டப்படி ஒன்றுமில்லை. பிள்ளை பிறந்த அன்று வைத்தியசாலை வாசலில் நின்றால் அன்றைய பேர் (வேலைநாள் பதிவு) இல்லை, சம்பளமும் இல்லை. ஆண்கள் உரிமை என்று குரல் எழுப்ப விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும் சங்கங்கள் இதைக் கேட்க வேண்டும்.

பொண்டாட்டி அடிச்சா ஆம்பள எங்க போறது? சட்டம் இருக்கா?

இருக்கிறது. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் ஆண், பெண் பார்க்கவில்லை. புருஷன், மனைவி, சேர்ந்து வாழ்கிறவர், பெற்றோர், பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள் யார் கையால் பாதிக்கப்பட்டாலும் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். முதலில் இடைக்காலக் கட்டளை, விசாரணைக்குப் பிறகு 12 மாதம் வரைக்குமான கட்டளை. அடி மட்டுமில்லை, மனதை வதைக்கும் கொடுமையும் அதில் அடங்கும்.

சட்டம் இருந்தாலும் பொலிஸ் நிலைய வாசலில் சிரிப்பார்களே என்ற பயம் உங்களுக்கு இருக்கும். அந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை. சிரித்தாலும் முறைப்பாடு எழுதும்படி கேளுங்கள். உங்களோடு ஒருவரைக் கூட்டிப் போங்கள். காயம் இருந்தால் முதலில் வைத்தியசாலைக்குப் போய் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். "தடுக்கி விழுந்துட்டேன்" என்று பதிவானால் பிறகு நிரூபிப்பது கஷ்டம்.

வயதான தகப்பனை மகன் அடிப்பது, குடித்துவிட்டு வரும் அண்ணன் தம்பியை அடிப்பது இவையும் இந்தச் சட்டத்துக்குள்தான் வருகின்றன. லயங்களில் நான் கேள்விப்படுவதில் இவை நிறைய.

பொய்க் கேஸ் போட்டு ஆம்பளைய உள்ள தள்றாங்கன்னு வீடியோ பாத்தேன். இங்கயும் அப்படித்தானா?

நீங்கள் பார்த்த வீடியோ பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும். அவர்கள் பேசுவது 2024 வரை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498அ பிரிவாக இருந்த ஏற்பாடு பற்றி. புருஷனும் அவன் வீட்டாரும் செய்யும் கொடுமைக்கு எதிராக 1983 இல் கொண்டுவரப்பட்டது. அதைச் சிலர் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்ற வாதம் அங்கே பல வருடங்களாக நடக்கிறது. எடுத்தவுடன் கைது செய்யக் கூடாது என்று 2014 இல் இந்திய உச்ச நீதிமன்றம் பொலிஸுக்கு அறிவுறுத்தியது. அதே நேரத்தில் வரதட்சணைக்காகப் பெண்கள் சாகிற நாடும் அதுதான். இரண்டும் உண்மை.

இலங்கையில் அப்படியொரு பிரிவே இல்லை. இங்கே, நீதிமன்றத்தால் பிரித்து வைக்கப்பட்டிருந்தால் ஒழிய, கணவன் மனைவியை வல்லுறவுக்கு உட்படுத்துவது கூடச் சட்டத்தில் குற்றமாக எழுதப்படவில்லை. அந்த நாட்டுக் கோபத்தை இந்த நாட்டு மனைவி மீது இறக்குவது அநியாயம். ஹட்டனில் ஒரு இளைஞன் கல்யாணமே வேண்டாம், பொம்பளைங்களுக்குத்தான் சட்டம் என்று இப்படியொரு வீடியோவை வைத்துப் பேசினான். நம் சட்டத்தில் எந்தப் பிரிவு என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை, யாரும் அவனுக்குச் சொல்லவுமில்லை.

தாபரிப்பு (ஜீவனாம்சம்) எப்பவும் ஆம்பளதானே கட்டணும்? பிள்ளையும் அம்மாகிட்டதானே போகும்?

1889 ஆம் ஆண்டுச் சட்டத்தில் புருஷன்தான் கட்ட வேண்டும் என்று இருந்தது. 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் அதை மாற்றியது. வசதியுள்ள வாழ்க்கைத்துணை, தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத மற்றவரைத் தாபரிக்க வேண்டும். அது மனைவியாகவும் இருக்கலாம். பிள்ளைகள் விஷயத்தில் இரண்டு பேருக்கும் பொறுப்பு.

பிள்ளை யாரிடம் இருப்பது என்பதில் நீதிமன்றம் பார்ப்பது பிள்ளையின் நலனை. சின்னக் குழந்தை பெரும்பாலும் தாயிடம் போவது உண்மை. ஆனால் தகப்பன் இதுவரை பிள்ளையைக் குளிப்பாட்டியது, கிளினிக்குக்குக் கொண்டு போனது, பாடசாலைக் கூட்டத்துக்குப் போனது ஏதாவது உண்டா என்பதும் அங்கே பேசும். பிரிவு வந்த பிறகு தகப்பனாக முயன்றால் நேரம் கடந்திருக்கும்.

ஆம்பளப் புள்ளைக்கு ஏதாவது தப்பா நடந்தா யாருகிட்ட சொல்றது?

கூட்டம் கலைந்த பிறகு கேட்கப்படும் கேள்விகளில் இது ஒன்று. பெண்பிள்ளையைக் கண் போலக் காக்கிறோம். "பையன்தானே, என்ன ஆகப் போகுது" என்று யாரோடும் எங்கேயும் அனுப்புகிறோம். கடைக்கு வேலைக்குப் போய் முதலாளி வீட்டிலோ கடை மாடியிலோ படுக்கிற பதினைந்து வயதுப் பையனுக்கு நடப்பது வெளியே வருவதில்லை. சொன்னால் அவன் ஆண்மையைத்தான் சந்தேகப்படுவார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் வல்லுறவு என்பது ஆண் பெண்ணுக்குச் செய்வதாக மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது. 1995 திருத்தத்தில் சேர்ந்த 365ஆ பிரிவு, பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் பற்றியது, பாதிக்கப்பட்டவர் யாராக இருந்தாலும் பொருந்தும். கடும் தண்டனையும் உண்டு. ஆகவே சட்டம் கைவிட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். பிள்ளை என்றால் சிறுவர் உதவி இலக்கமான 1929 க்கு அழையுங்கள். பிள்ளை சொன்னதும் முதலில் சொல்ல வேண்டியது, "நான் நம்புறேன், உன் மேல தப்பு இல்ல". மற்ற விசாரணை எல்லாம் பிறகு.

ஆண்கள் உரிமை இயக்கம்னு ஒண்ணு இருக்காமே?

1970களில் அமெரிக்காவில் பெண் விடுதலை இயக்கத்தோடு ஒட்டியே இது தொடங்கியது. ஆணுக்கு வகுத்த பாத்திரம் ஆணையும் நசுக்குகிறது என்று சில ஆண்கள் சேர்ந்து பேசினார்கள். பின்னால் அது இரண்டாகப் பிரிந்தது. ஒரு சாரார் பெண்களின் போராட்டத்தோடு நின்றார்கள். மற்றவர்கள் விவாகரத்து, பிள்ளைப் பொறுப்பு, பொய் வழக்கு என்று பேசத் தொடங்கி, ஆண்களின் துன்பத்துக்குப் பெண்களே காரணம் என்ற இடத்துக்கு வந்தார்கள். நவம்பர் 19 ஆம் திகதி சர்வதேச ஆண்கள் தினம் இந்தச் சண்டையிலிருந்து வந்ததில்லை. 1999 இல் டிரினிடாட்டில் ஒரு வரலாற்று விரிவுரையாளர், நல்ல ஆண்களை முன்மாதிரியாகக் காட்ட வேண்டும் என்று தொடங்கியது.

இரண்டாவது கூட்டம் சொல்லும் துன்பங்களில் பல உண்மையானவை. கோபத்தின் முகவரிதான் தவறு. மருந்தடிக்கும்போது முகமூடி கொடுக்காதது மனைவியா? பதினாறு வயதில் படிப்பை நிறுத்தி அனுப்பியது பெண்ணியமா? தகப்பனுக்கு ஒரு நாள் லீவு தராத சட்டத்தை எழுதியவர்களில் எத்தனை பெண்கள் இருந்தார்கள்?

பெண்களுக்கு ஆணைக்குழு இருக்கு. எங்களுக்கு ஏன் இல்ல?

2024 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கச் சட்டத்தில் தேசிய பெண்கள் ஆணைக்குழுவுக்கு வழி செய்யப்பட்டது. அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை பால் அடிப்படையில் யாருக்கும் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. அதே உறுப்புரை பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் விசேட ஏற்பாடு செய்ய அனுமதிக்கிறது. ஏன் தேவைப்பட்டது? 2019 இல் தொகைமதிப்புத் திணைக்களம் எடுத்த கணக்கெடுப்பில், துணையோடு வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் அந்தத் துணையின் கையால் உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். இதை ஒதுக்கி வைத்துவிட்டு ஆண்களின் உரிமையைப் பேச என்னால் முடியாது. ஆண்களுக்கென்று மனநல சேவை, குடியிலிருந்து மீள உதவி, தகப்பன் விடுமுறை எல்லாம் கேட்க வேண்டும். அவற்றைக் கேட்கப் பெண்களுடைய ஆணைக்குழுவை மூட வேண்டியதில்லை.

பொம்பளைங்களுக்குச் சம உரிமை குடுத்தா ஆம்பளைக்கு நட்டம்தானே?

தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்சம்பளம் சமமாக்கப்பட்டது 1984 இல். அதற்கு முன் அதே மலையில் நின்ற பெண்ணுக்குக் குறைந்த சம்பளம். சமமானதால் ஆணின் சம்பளம் ஒரு சதமும் குறையவில்லை. லயத்துக்குள் வரும் காசு கூடியது. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

அம்மாமாரும்தானே பையன்களை இப்படி வளர்க்கிறாங்க?

ஆமாம். தங்கச்சி தட்டைக் கழுவ, அண்ணன் எழுந்து போவதை அம்மாதான் பழக்குகிறாள். "ஆம்பளப் புள்ள குசினிக்குள்ள என்ன வேல?" என்பதும் அவளே. பதினெட்டு வயதில் கொழும்பில் தனியாக இருக்கும்போது ஒரு சோறு வடிக்கத் தெரியாமல் கடைக் கொத்துக்குச் சம்பளத்தில் பாதியைக் கொடுப்பவனும் அந்த வளர்ப்பின் பிள்ளைதான். அம்மாவைக் குற்றம் சொல்லி முடித்துவிடக் கூடாது, அவளுக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் மாற்றத் தொடங்க மிகச் சுலபமான இடம் குசினிதான். ஏழு வயதில் ரொட்டி தட்டக் கற்ற பையன் அதை மறப்பதில்லை.

பிரச்சினைன்னு வந்தா நடைமுறையில எங்க போறது?

மனக்கஷ்டம் என்றால் அரசாங்க வைத்தியசாலையில் மனநலப் பிரிவைக் கேளுங்கள், பணம் இல்லை. காலையிலேயே போங்கள், தூரத் தோட்டமென்றால் அன்றைய பேர் போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். குடும்பத் தகராறு சின்னதாக இருக்கும்போதே மத்தியஸ்த சபையில் பேசித் தீர்க்கலாம். அடிதடி என்று வந்துவிட்டால் அங்கே காலம் கடத்தாமல் நேரே பொலிஸுக்கோ நீதிமன்றத்துக்கோ போங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே ஆள் பிடித்துத் தருவார்கள். ஆணுக்கும் தருவார்கள்.

பொலிஸில் முறைப்பாடு எழுதும்போது தமிழில் எழுதும்படி கேளுங்கள். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. அங்கே தமிழ் எழுதத் தெரிந்தவர் இல்லையென்றால், எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். விளங்காத எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். முறைப்பாட்டு இலக்கமும் திகதியும் எழுதிய துண்டைக் கேட்டு வாங்கி, அடையாள அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள்.